கச்சான் காற்றில் ஓர் ஒலிப்பதிவு

தங்கச்சிமடம். சிமெண்ட் ஷீட் கூரை.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், ஃப்ரிட்ஜையும்.
"முரல் மீன் கெட்டுப் போகுமேய்யா."
ஒரு மணி நேரம்தான் அம்மா, என்றேன்.
ஒரு மணி நேரத்தில் என்னென்ன கெடும் என்று
தெரிந்தவர்போல் பார்த்துவிட்டு
தானே போய் பிளக்கைப் பிடுங்கினார்.

நான் ஒலிப்பதிவாளன். முகம் என் வேலையில்லை.
மோகனலதாவின் முந்தானையில் மைக்கைக் குத்திவிட்டு
அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்து
காதை மூடிக்கொண்டேன்.

கேட்டவன் தீபன். கையில் பதினான்கு கேள்விகள்.
முதலில் கதாநாயகர்களைப் பற்றி.
"ஒருத்தருக்கு வெங்காயம் ஆகாது.
ஒருத்தருக்கு என்னைய ஆகாது."
தீபன் சிரித்தான். அவர் உதடு அசையவில்லை என்றான் கேமராமேன் பின்னால்.
வயிறு குலுங்கியதை நான் கேட்டேன்.

"மொதப் படம் இந்தா, பாம்பன் கரையிலதான் எடுத்தாக.
டான்ஸ் மாஸ்டர் கும்பகோணத்துக்காரரு.
கூடையத் தலையில வச்சு நடந்தேன். கட்டுன்னாரு.
மீன்காரி இப்பிடியா நடப்பா, இடுப்ப ஒடிச்சு நடம்மா.
எங்க ஆத்தா அங்கிட்டு நிண்டு காரல் வித்துக்கிட்டிருந்துச்சு.
நான் அதப் பாத்தேன். அது என்னயப் பாக்கல, யாவாரம்.
இடுப்ப ஒடிச்சேன்.
ஒரே டேக்கு."

சவேரியம்மாளை மோகனலதா ஆக்கியது
தயாரிப்பாளரின் மைத்துனர்.
அவர் பெயர் மறந்துவிட்டதாம்.

புயலைக் கேட்காமல் இந்தக் கரையில்
யாரும் பேட்டி எடுப்பதில்லை. தீபனும் கேட்டான்.
"அன்னைக்கு ராத்திரி மெட்ராசுல எனக்கு மழை சீனு.
ஃபயர் எஞ்சின் தண்ணி.
குளிருக்கு ரெண்டு மடக்கு பிராந்தி குடுத்தாக.
இங்கன நடந்தது மூணாம் நாள்தான் தெரியும்."
தீபன் காத்திருந்தான்.
கேமரா அவர் கண்களுக்கு நெருங்கிப்போய்க் காத்திருந்தது.
என் காதில்
ஜெபமாலை மணி ஒன்று அடுத்ததன்மேல் ஏறி இறங்கியது.
"அடுத்தது கேளுப்பா."

உங்கள் குரலுக்கே ஊர் மயங்கிக் கிடந்ததாமே?

பச்சைக் கோடுகள் தரையில் படுத்துவிட்டன.

"அது என் குரல் இல்லப்பா.
பதினோரு படத்துலயும் கமலவேணின்னு ஒரு பொண்ணு.
என் பேச்சுல கருவாடு நாறுதுன்னாக.
'விரைந்து திரும்பி வாருங்கள், அத்தான்',
அது சொல்லும், நான் வாயசைப்பேன்.
கடைசிப் படத்துல நான் சாகணும்.
அதுக்கு நெறமாசம், ஸ்டூலு போட்டு உக்காந்து பேசுச்சாம்.
தியேட்டர்ல பாக்குறேன்,
நான் செத்துக் கண்ண மூடிட்டேன்,
அது இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டிருக்கு."

தீபன் தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

இடது காதில் லேசான கரகரப்பு.
கேபிளை அசைத்துப் பார்த்தேன்.
கேபிளில் பழுதில்லை.

எல்லாம் முடிந்து, அறையின் மௌனம் ஒரு நிமிடம் வேண்டும் என்றேன்.
யாரும் அசையக் கூடாது,
வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அடைக்க.
"அடைக்கவா" என்றார்.
கைகளை மடியில் வைத்தார்.

கச்சான் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது.
எங்கோ ஒரு வத்தையின் மோட்டார், ஒரு கோழி.
நாற்பதாவது விநாடியில்
உதட்டைத் திறந்தாரோ இல்லையோ,
முந்தானைக்குள் இருந்து
"வெள்ளனே வந்து சேருங்க மச்சான்."

அறையில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.
ஓகேவா? என்றான் தீபன்.
ஓகே, என்றேன்.
அவர் எழுந்து போய் பிளக்கைச் செருகினார்.

வியாழக்கிழமை எடிட்டர் கூப்பிட்டான்.
சார், மௌனம் கெட்டுக் கிடக்கு, நடுவுல பேச்சு.
வேற இருக்கா?
இருந்தது.
மண்டபம் லாட்ஜில், சோதனைக்காக எடுத்த
இன்னோர் அறையின் மௌனம்.
அதை அனுப்பி வைத்தேன்.